அமெரிக்காவில் வீட்டுக்கு ஹீட் பம்ப் பொருத்துவோருக்கான தள்ளுபடிகளும் வரிச்சலுகைகளும்: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டுக்கு ஹீட் பம்ப் பொருத்துபவர்களுக்குக் கூட்டாட்சி அரசு வழங்கிவந்த வரிச்சலுகை 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2022 ஆகஸ்ட் 16 அன்று கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டம் அந்தச் சலுகையை 2032 வரை நீட்டித்திருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச்சட்டம் அதை ஏழு ஆண்டுகள் முன்னதாகவே முடித்துவைத்தது. பழைய சட்டத்தை நம்பி அச்சடித்த விளம்பரத் தாள்களும் விலைப்புள்ளிகளும் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், 2026இல் வேலை செய்யப்போகும் ஒரு வீட்டுக்காரரிடம் “வரியில் 2,000 டாலர் திரும்ப வரும்” என்று யாரேனும் சொன்னால் அது தவறு என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆனால் அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணி ஒதுங்கிவிடுவதும் தவறே. 2025 முடிவதற்குள் பொருத்தி முடித்தவர்கள் அந்தச் சலுகையை இன்னும் கோரலாம். முந்தைய ஆண்டுகளில் கோர மறந்தவர்களும் திருத்தக் கணக்கின் மூலம் பெறலாம். கூட்டாட்சிப் பணத்தைக் கொண்டு மாநிலங்கள் நடத்தும் இரண்டு தள்ளுபடித் திட்டங்கள் வேறு சட்டப் பிரிவில் இருப்பதால் அவை ரத்தாகவில்லை. இவற்றுக்கும் மேலாக மின்நிறுவனங்களும் மாநில அரசுகளும் தம் சொந்தப் பணத்தில் வழங்கும் தொகைகள் இருக்கின்றன. இவற்றை இழப்பவர்களுள் பெரும்பாலோர் தகுதியில்லாமல் இழப்பதில்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்ய வேண்டும் என்ற வரிசை பிசகியதால்தான் இழக்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியை அந்த வரிசைப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: தள்ளுபடியையும் வரிச்சலுகையையும் பிரித்தறிதல்

ஹீட் பம்ப் என்பது இரு திசையிலும் இயங்கக்கூடிய ஏசி. கோடையில் வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் அதே கருவி, குளிர்காலத்தில் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறது. எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்காமல், இருக்கும் வெப்பத்தை இடம் மாற்றுவதால், செலவாகும் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்துக்கு இரண்டு முதல் நான்கு யூனிட் வரை வெப்பம் கிடைக்கிறது. அரசும் மின்நிறுவனங்களும் இதற்குப் பணம் கொடுப்பதன் அடிப்படை இதுதான்.

தள்ளுபடி என்பது பொருளின் விலையில் குறைக்கப்படும் தொகை. சில திட்டங்களில் ஒப்பந்ததாரரின் பில்லிலேயே அது கழிக்கப்பட்டுவிடும். சிலவற்றில் முழுத் தொகையையும் நாம் செலுத்திவிட்டு, விண்ணப்பித்துக் காசோலையாகப் பெற வேண்டும். வரிச்சலுகையோ நாம் செலுத்த வேண்டிய வருமான வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படுவது. வரிக்குட்பட்ட வருமானத்தைக் குறைக்கும் கழிவோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2,000 டாலர் கழிவு என்றால் நம் வரிவிகிதத்தைப் பொறுத்துச் சில நூறு டாலர்தான் மிச்சமாகும்; 2,000 டாலர் வரிச்சலுகை என்றால் வரியில் 2,000 டாலரே குறையும்.

இந்த வேறுபாட்டிலிருந்தே நடைமுறை வேறுபாடும் பிறக்கிறது. தள்ளுபடிகளில் பல, வேலை தொடங்குவதற்கு முன்பே அனுமதி பெறப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. வரிச்சலுகையோ வேலை முடிந்த தேதியை மட்டுமே பார்க்கிறது.

இரண்டாம் படி: கருவிக்கு முன் வீட்டை ஆராய்தல்

தள்ளுபடியைத் தேடுவதற்கு முன் வீட்டின் வெப்ப இழப்பைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றே நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். கூரைப்பரணில் இன்சுலேஷன் போதாமலும், கதவு சன்னல் இடுக்குகளில் காற்று புகுந்துகொண்டும் இருக்கும் வீட்டுக்குத் தேவைப்படும் கருவி பெரிதாகிவிடும். அதே வீட்டின் இடுக்குகளை அடைத்துவிட்டால் சிறிய கருவியே போதுமானதாகிவிடக்கூடும். கருவியின் கொள்ளளவு டன் கணக்கில் சொல்லப்படுகிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (பிடியு என்பது வெப்பத்தை அளக்கும் அலகு). ஒவ்வொரு கூடுதல் டன்னும் விலையை ஏற்றுவது ஒருபுறம் இருக்க, தேவைக்கு மிஞ்சிய கருவி அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் சிக்கனமும் குறைகிறது, கருவியின் ஆயுளும் குறைகிறது.

இதற்கு இரண்டு சோதனைகள் உள்ளன. வாசற்கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி வீட்டின் காற்றுக்கசிவை அளக்கும் ‘புளோவர் டோர்’ சோதனை ஒன்று. மற்றொன்று, அறைவாரியாகச் சுவர், சன்னல், திசை, உள்ளூர் தட்பவெப்பம் ஆகியவற்றைக் கணக்கிட்டு எத்தனை பிடியு தேவை என்று சொல்லும் ‘மேனுவல் ஜே’ கணக்கு. “உங்கள் வீடு 2,000 சதுரஅடி, அதனால் நான்கு டன் போதும்” என்று வாய்க்கணக்குச் சொல்லும் ஒப்பந்ததாரரைவிட, இந்தக் கணக்கை எழுத்தில் கொடுப்பவரை நம்புங்கள். பல தள்ளுபடித் திட்டங்கள் விண்ணப்பத்தோடு இந்தக் கணக்கையும் கேட்பதால், இதைச் செய்துவைப்பது இரட்டைப் பயன்.

இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தள்ளுபடி கருவியின் விலையைக் குறைக்குமே தவிர, மாதாந்தர மின்கட்டணத்தைக் குறைக்காது. எரிவாயுவை அளக்கும் அலகு தெர்ம்; ஒரு தெர்ம் இயற்கை எரிவாயுவில் 29.3 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம் இருக்கிறது. 95 சதவீதத் திறனுள்ள எரிவாயு ஃபர்னஸ் அதிலிருந்து ஏறத்தாழ 27.8 யூனிட் வெப்பத்தை வீட்டுக்குத் தரும். குளிர்காலச் சராசரியாக ஒன்றுக்கு 2.8 மடங்கு வெப்பம் தரும் ஹீட் பம்ப் அதே வெப்பத்தைத் தருவதற்குச் சுமார் 10 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் பில்லில் உள்ள 10 யூனிட் மின்சாரத்தின் விலையை ஒரு தெர்ம் எரிவாயுவின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மின்சாரம் யூனிட்டுக்கு 25 சென்ட் என்றால் அந்த 10 யூனிட்டுக்கு 2.50 டாலர் ஆகிறது. எரிவாயு அதைவிட மலிவாக இருந்தால் மாதச் செலவு கூடும். வெப்பமூட்டும் எண்ணெய்க்கு இதே கணக்கைப் போட்டால், 85 சதவீதத் திறனுள்ள பாய்லரில் எரியும் ஒரு காலன் எண்ணெய்க்குப் பதிலாக ஏறக்குறைய 12 யூனிட் மின்சாரம் போதும். சுவரோரம் பொருத்திய மின்ஹீட்டர்களை நம்பியிருக்கும் வீடுகளுக்கோ ஐயமே வேண்டியதில்லை. அவர்களுடைய குளிர்கால மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட வாய்ப்புண்டு. மாசசூசெட்ஸின் பெரிய மின்நிறுவனங்கள் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கென்று குளிர்காலத்தில் தனிக் குறைந்த கட்டணத்தை 2025 நவம்பரில் தொடங்கியிருக்கின்றன. உங்கள் மின்நிறுவனத்திலும் அத்தகைய கட்டணம் உண்டா என்று கேட்டறிந்த பிறகே கணக்கை முடியுங்கள்.

கடுங்குளிரில் இந்தக் கருவி வேலை செய்யாது என்ற பழைய பேச்சுக்கு மெய்ன் மாநிலமே பதில். அமெரிக்காவின் மிகக் குளிர்ந்த மாநிலங்களுள் ஒன்றான அங்கே, 2025க்குள் 1,00,000 ஹீட் பம்ப்களைப் பொருத்துவது என்று வைத்திருந்த இலக்கு 2023இலேயே எட்டப்பட்டுவிட்டது.

மூன்றாம் படி: உங்கள் முகவரிக்கு என்னென்ன கிடைக்கும் என்று பட்டியலிடுதல்

தள்ளுபடிகள் நாடு முழுவதற்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே தெருவில் இரு வேறு மின்நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் இருந்தால், அவர்களுக்குக் கிடைக்கும் தொகையும் வேறுபடும். எனவே முதலில் உங்கள் மின்கட்டண பில்லில் உள்ள நிறுவனத்தின் பெயரைக் கொண்டு தேடுங்கள். அதன் பின் மாநில எரிசக்தி அலுவலகத்தின் திட்டங்களைப் பாருங்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ‘டிசயர்’ என்ற தரவுத்தளம், ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள சலுகைகளை 1995 முதல் தொகுத்துவருகிறது. தேடலைத் தொடங்க அதுவே நல்ல இடம். ஆயினும் கடைசி உறுதிப்பாட்டைத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்திடமிருந்தே பெற வேண்டும்.

தொகைகள் ஆண்டுதோறும் மாறும். மாசசூசெட்ஸின் மாஸ் சேவ் திட்டத்தில் வீடு முழுவதையும் ஹீட் பம்ப்பிற்கு மாற்றுபவர்களுக்கு 2025இல் 10,000 டாலர் வரை கிடைத்தது. 2026இல் அந்த உச்சவரம்பு 8,500 டாலராகக் குறைந்துள்ளது. நியூயார்க் மாநிலம் பூமியின் அடியிலுள்ள வெப்பத்தைப் பயன்படுத்தும் புவிவெப்பப் பம்புகளுக்கு, செலவில் 25 சதவீதம் என்ற கணக்கில் மாநில வருமான வரியில் தனிச்சலுகை வழங்குகிறது. இவை கூட்டாட்சிச் சலுகை முடிந்ததால் பாதிக்கப்படவில்லை.

இனி, கூட்டாட்சிப் பணத்தில் மாநிலங்கள் நடத்தும் இரண்டு திட்டங்களுக்கு வருவோம். பணவீக்கக் குறைப்புச் சட்டம் இவ்விரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 880 கோடி டாலர் ஒதுக்கியது. அந்தப் பணம் 2031 செப்டம்பர் 30 வரை பயன்பாட்டில் இருக்கலாம் என்றும் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே விண்ணப்பித்து, தன் விதிகளை வகுத்துத் திட்டத்தைத் திறக்க வேண்டும். 2024 மே மாதத்தில் முதலில் திறந்தது நியூயார்க். தெற்கு டகோட்டா இந்தப் பணமே வேண்டாம் என்று விலகிக்கொண்டது. 2025 ஜனவரியில் கூட்டாட்சிப் பணப்பட்டுவாடாவை நிறுத்திவைக்க உத்தரவு வந்தபோது சில மாநிலங்கள் திட்டத்தை இடைநிறுத்தவும் நேர்ந்தது. ஆகவே “என் மாநிலத்தில் உண்டா” என்ற கேள்வியோடு நிற்காமல், “இன்று விண்ணப்பம் வாங்குகிறார்களா, பணம் மீதமிருக்கிறதா” என்றும் கேட்க வேண்டும்.

முதல் திட்டம் ‘ஹியர்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மின்மயமாக்கத் தள்ளுபடி. இது வருமான வரம்புக்கு உட்பட்டது. ஹீட் பம்ப்பிற்கு 8,000 டாலர் வரையும், ஹீட் பம்ப் முறையில் இயங்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கு 1,750 டாலர் வரையும், மின்பேனலை மாற்றுவதற்கு 4,000 டாலர் வரையும், வயரிங்குக்கு 2,500 டாலர் வரையும், இன்சுலேஷன் மற்றும் காற்றடைப்பு வேலைகளுக்கு 1,600 டாலர் வரையும் சட்டம் அனுமதிக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டுக்கு 14,000 டாலரைத் தாண்டக்கூடாது. இவை சட்டத்தின் உச்சவரம்புகள்; மாநிலம் இவற்றுள் சிலவற்றை மட்டும் திறந்திருக்கலாம். கருவி எனர்ஜி ஸ்டார் சான்று பெற்றதாக இருக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புதிதாகக் கட்டும் வீட்டில் பொருத்துவதற்கும், எரிவாயு அல்லது எண்ணெயில் இயங்கும் கருவியை அகற்றிவிட்டு அதனிடத்தில் பொருத்துவதற்கும், அந்த வகைக் கருவியை முதன்முதலாக வாங்குவதற்கும் மட்டுமே சட்டம் இடம் தருகிறது. ஏற்கெனவே ஹீட் பம்ப் வைத்திருந்து, அது பழுதானதால் புதியதை வாங்குபவருக்கு இதில் இடமில்லை. தென் மாநிலங்களில் 15 அல்லது 20 ஆண்டு பழமையான ஹீட் பம்ப்களோடு இருக்கும் ஏராளமான வீடுகள் இந்த விதியால் வெளியே நிற்கின்றன. அவர்கள் இரண்டாவது திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது திட்டமான ‘ஹோம்ஸ்’, எந்தக் கருவி என்று பார்ப்பதில்லை. வீடு முழுவதிலும் எவ்வளவு எரிசக்தி மிச்சமாகிறது என்பதைப் பார்க்கிறது. கணினி மாதிரிக் கணக்கின்படி 20 சதவீதம் மிச்சமானால் 2,000 டாலர் அல்லது செலவில் பாதி, இவற்றுள் எது குறைவோ அது கிடைக்கும். 35 சதவீதமோ அதற்கு மேலோ மிச்சமானால் அந்த 2,000 டாலர் 4,000 டாலராகும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இந்த வரம்புகள் 4,000, 8,000 என்று இரட்டிப்பாவதோடு, செலவில் 80 சதவீதம் வரையும் கிடைக்கும். சட்டப்படி இதற்கு வருமான உச்சவரம்பு கிடையாது. ஆனால் குறைந்த வருமானத்தினருக்கு மட்டுமே என்று வரையறுத்துக்கொள்ள மாநிலங்களுக்கு உரிமை உண்டு. ஒரே கருவிக்கு ஹியர், ஹோம்ஸ் இரண்டிலிருந்தும் பணம் பெற முடியாது. இன்சுலேஷனை ஒன்றிலும் ஹீட் பம்ப்பை மற்றொன்றிலும் வைத்துக்கொள்ள வழியுண்டா என்பதை மாநில அலுவலகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: வருமானத் தகுதியை நிறுவுதல்

ஹியர் திட்டத்தின் அளவுகோல், உங்கள் கவுண்டியில் உள்ள குடும்பங்களின் இடைநிலை வருமானம், அதாவது பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழும் இருக்கும் தொகை. கூட்டாட்சி வீட்டுவசதித் துறை இதை இடத்துக்கும் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கும் ஏற்ப ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் குடும்பத்துக்கு, உச்சவரம்புக்குள் முழுச் செலவும் கிடைக்கும். 80 முதல் 150 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்குச் செலவில் பாதி கிடைக்கும். 150 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கு எதுவும் இல்லை.

மென்பொருள் துறையில் இருப்பவர்கள் தமக்கு எப்படியும் தகுதியிருக்காது என்று எண்ணிப் பட்டியலைப் பார்க்காமலேயே விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். இருவர் சம்பாதிக்கும் வீடுகளில் பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் ஒருவர் மட்டுமே சம்பாதிக்கும் ஐந்து பேர் கொண்ட குடும்பம், வருமானம் அதிகமுள்ள கவுண்டியில் வசித்தால், 150 சதவீதம் என்பது எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய தொகையாக இருக்கும். ஊரிலிருந்து வந்து உடன் தங்கியிருக்கும் பெற்றோரைக் குடும்ப எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்பதை விண்ணப்பத்தில் உள்ள விளக்கத்தின்படியே தீர்மானிக்க வேண்டும்; ஊகமாக எழுதிக் கையெழுத்திடக் கூடாது. மெடிக்கெய்ட், ஸ்நாப் போன்ற உதவித்திட்டங்களில் ஏற்கெனவே இருப்பவர்கள் அந்தச் சான்றைக் காட்டினாலே வருமானத் தகுதி நிறுவப்பட்டதாகப் பல மாநிலங்கள் ஏற்கின்றன.

பாதி அல்லது முழுமை என்பது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். ஹீட் பம்ப் வேலைக்கு 12,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு அதில் பாதியான 6,000 டாலர் கிடைக்கும். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு முழுச் செலவும் தகுதி பெற்றாலும், 8,000 டாலர் என்ற உச்சவரம்பு குறுக்கே நிற்பதால் அந்த 8,000 டாலரே கிடைக்கும். மீதம் 4,000 டாலரை மின்நிறுவனத்தின் தள்ளுபடியோ கைப்பணமோ ஈடுகட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: விலைப்புள்ளியும் மாதிரி எண்ணும்

குறைந்தது மூன்று ஒப்பந்ததாரர்களிடமிருந்து விலைப்புள்ளி வாங்குங்கள். தள்ளுபடியைக் கழிப்பதற்கு முன்னுள்ள முழு விலையையும், கழித்த பின்னுள்ள விலையையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். கழித்த விலையை மட்டும் காட்டினால், தள்ளுபடித் தொகையின் அளவுக்கு மூலவிலை ஏற்றப்பட்டிருக்கிறதா என்று தெரியாது. தள்ளுபடி மறுக்கப்பட்டால் அந்தத் தொகையை யார் ஏற்பது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஹியர் போன்ற திட்டங்களில் பொதுவாக மாநிலத்தின் அங்கீகாரம் பெற்ற ஒப்பந்ததாரர் மட்டுமே வேலை செய்ய முடியும் என்பதால், அவருடைய பெயர் மாநிலப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே சரிபாருங்கள். “அரசு இலவசமாகத் தருகிறது, இன்றே கையெழுத்திடுங்கள்” என்று வாசலில் வந்து நிற்பவர்களிடம் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

ஹீட் பம்ப்பின் திறன் வெளி யூனிட்டை மட்டும் பொறுத்ததன்று. வெளி யூனிட்டும் உள் யூனிட்டும் சேர்ந்த இணைப்புக்குத்தான் ஏஹெச்ஆர்ஐ என்ற தொழில் அமைப்பு சான்று எண் வழங்குகிறது. கோடைத் திறனைக் காட்டும் சீர்2, குளிர்காலத் திறனைக் காட்டும் ஹெச்எஸ்பிஎஃப்2 ஆகிய எண்களும் அந்த இணைப்புக்கே உரியவை. அதே வெளி யூனிட்டோடு வேறோர் உள் யூனிட்டைச் சேர்த்தால் தகுதியே போய்விடக்கூடும். எனவே விலைப்புள்ளியில் நிறுவனப் பெயரும் டன் அளவும் மட்டும் இருந்தால் போதாது; இரண்டு யூனிட்டுகளின் முழு மாதிரி எண்களும் ஏஹெச்ஆர்ஐ எண்ணும் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு வேலையில் இதைப் பட்டறிந்தேன். ஒப்பந்தத்தில் எழுதிய உள் யூனிட் கிடைக்கவில்லை என்று, மாதிரி எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மாறிய வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். நான் கவனிக்கவில்லை. தள்ளுபடி விண்ணப்பம் திரும்பிவந்தது. புதிய இணைப்பும் தகுதிப்பட்டியலில் இருந்ததால் கடைசியில் பணம் கிடைத்தது என்றாலும், புதிய சான்றும் திருத்திய பில்லும் சேகரித்து மீண்டும் அனுப்பி, இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த இணைப்பு பட்டியலில் இல்லாதிருந்தால் முழுத்தொகையும் போயிருக்கும். வண்டியிலிருந்து பெட்டியை இறக்கும்போதே தகட்டில் உள்ள எண்ணை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்பேனலைப் பற்றியும் ஒரு சொல். 100 ஆம்பியர் பேனலைப் பார்த்தவுடன் 200 ஆம்பியராக மாற்றியே தீர வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மின்பளுக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் இருக்கும் பேனலே போதும் என்று அந்தக் கணக்கு காட்டிவிடும்.

ஆறாம் படி: அனுமதி முதலில், வேலை பிறகு

ஹியர் தள்ளுபடி ஏற்கெனவே பொருத்தி முடித்த கருவிக்குக் கிடைக்காது. விண்ணப்பித்து, வருமானத் தகுதி ஏற்கப்பட்டு, தொகை உங்கள் பெயரில் ஒதுக்கப்பட்ட பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். ஜனவரி நடுவில் ஃபர்னஸ் நின்றுபோன வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருக்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் பழைய ஃபர்னஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதாவது வசந்தத்திலோ கோடையின் தொடக்கத்திலோ, இந்த வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். 15 ஆண்டைத் தாண்டிய ஃபர்னஸ் வைத்திருப்பவர்கள் வீட்டுச் சோதனையையும் விலைப்புள்ளியையும் இப்போதே முடித்து வைத்திருப்பது நல்லது.

ஒதுக்கீட்டுக் கடிதத்தில் காலாவதித் தேதி இருக்கும். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். நகராட்சியின் பெர்மிட்டை ஒப்பந்ததாரர் எடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். வீடு முழுவதற்குமான தள்ளுபடியைக் கேட்பவர்கள், பழைய பாய்லரை அகற்ற வேண்டுமா, அவசரத் துணையாக வைத்துக்கொள்ளலாமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். இதில் திட்டத்துக்குத் திட்டம் விதி மாறுகிறது.

ஏழாம் படி: 2025 வரை பொருத்தியவர்கள் வரிச்சலுகையைக் கோருதல்

வருமான வரிச் சட்டத்தின் 25சி பிரிவின்படி, 2023 ஜனவரி 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை பயன்பாட்டுக்கு வந்த ஹீட் பம்ப்பிற்கு, செலவில் 30 சதவீதம், ஆண்டுக்கு 2,000 டாலர் வரை சலுகை உண்டு. ஹீட் பம்ப்பும் அதே முறை வெந்நீர்க் கொதிகலனும் இந்த 2,000 டாலர் வரம்பைப் பகிர்ந்துகொள்கின்றன. இன்சுலேஷன், சன்னல், கதவு போன்றவற்றுக்குத் தனியாக 1,200 டாலர் வரம்பு இருந்ததால் ஓராண்டில் மொத்தம் 3,200 டாலர் வரை பெற முடிந்தது. வரம்பு ஆண்டுக்கானது என்பதால், 2024இல் ஹீட் பம்ப்பும் 2025இல் வெந்நீர்க் கொதிகலனும் பொருத்தியவர் இரண்டு ஆண்டுகளிலும் தனித்தனியே கோரலாம்.

முன்பணம் கொடுத்த தேதிக்கு இங்கே மதிப்பில்லை. கருவி பொருத்தப்பட்டு, ஓடத் தயாரான நாளே கணக்கு. 2025 டிசம்பரில் முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டு, 2026 ஜனவரியில் பொருத்தியவருக்குச் சலுகை இல்லை.

தகுதிக்கான மற்ற விதிகள் இவை. வீடு அமெரிக்காவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டப்பட்ட வீடாக இருக்க வேண்டும். அதில் நீங்கள் வசிக்க வேண்டும். வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் வசிக்கும் உரிமையாளர் இதைக் கோர முடியாது. ஆனால் தாம் வசிக்கும் வாடகை வீட்டுக்குத் தம் பணத்தில் பொருத்திய குடியிருப்பாளர் கோரலாம். சிஇஇ என்ற அமைப்பு அந்த ஆண்டின் தொடக்கத்தில் வகுத்திருந்த உச்சத் திறன் நிலையைக் கருவி எட்டியிருக்க வேண்டும். ஹீட் பம்ப்பைப் பொறுத்தவரை கூலியும் செலவில் சேரும். இன்சுலேஷனுக்குப் பொருளின் விலை மட்டுமே சேரும்.

படிவம் 5695இன் இரண்டாம் பகுதியில் இதைக் கணக்கிட்டு, அங்கிருந்து அட்டவணை 3க்குக் கொண்டுசெல்ல வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் புதிய தேவை ஒன்று சேர்ந்தது. வருமான வரித்துறையிடம் பதிவு செய்த தயாரிப்பாளரின் நான்கெழுத்து அடையாளக் குறியீட்டையும் எழுத வேண்டும். பில்லிலோ தயாரிப்பாளரின் சான்றிலோ அது இல்லையென்றால் ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்குங்கள்.

தள்ளுபடி பெற்றிருந்தால் முதலில் அதைக் கழித்துவிட்டு, மீதிக்கே 30 சதவீதம் கணக்கிட வேண்டும். 16,000 டாலர் வேலைக்கு ஹியர் தள்ளுபடியாக 8,000 டாலர் கிடைத்தது என்றால், மீதி 8,000 டாலரில் 30 சதவீதம் 2,400 டாலர். வரம்பு 2,000 டாலர் என்பதால் 2,000 டாலர் சலுகை கிடைக்கும். மின்நிறுவனம் தந்த தள்ளுபடியையும் இப்படியே கழிக்க வேண்டும். ஹியர், ஹோம்ஸ் தள்ளுபடிகள் வருமானமாகக் கருதப்படமாட்டா, விலைக்குறைப்பாகவே கொள்ளப்படும் என்று வருமான வரித்துறை 2024இல் அறிவித்துவிட்டதால், அவற்றுக்கு வரி கட்ட வேண்டியதில்லை.

இந்தச் சலுகை, கட்ட வேண்டிய வரியைப் பூஜ்யம் வரைதான் குறைக்கும். அதற்கு மேல் பணமாகத் திரும்பாது. அடுத்த ஆண்டுக்கும் செல்லாது. ஓராண்டுக்கு உங்கள் வரி 1,300 டாலர் மட்டுமே என்றால், 2,000 டாலருக்குத் தகுதியிருந்தும் 1,300 டாலரே கிடைக்கும். இங்கே வரி என்பது ஆண்டு முழுவதற்கும் கணக்கிடப்படும் மொத்த வரி. ஏப்ரலில் கட்ட வேண்டிய பாக்கித் தொகையை அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்துவிட்டதால் பாக்கியில்லை என்பவர்களுக்கும் சலுகைத் தொகை ரீஃபண்டாக வரும்.

புவிவெப்பப் பம்பு பொருத்தியவர்களுக்கு விதி வேறு. 25டி பிரிவின்படி 30 சதவீதச் சலுகைக்கு உச்சவரம்பே கிடையாது. ஓராண்டின் வரிக்கு மேல் மிஞ்சிய பகுதியை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லவும் சட்டம் அனுமதிக்கிறது. 30,000 டாலர் செலவிட்டவருக்கு 9,000 டாலர் சலுகை. பொருத்தி முடித்த நாள் 2025 டிசம்பர் 31ஐத் தாண்டியிருக்கக்கூடாது என்பது இதற்கும் பொருந்தும். படிவம் 5695இன் முதல் பகுதியில் இதைக் கோர வேண்டும்.

முன்பே கணக்குத் தாக்கல் செய்துவிட்டு இதைக் கோர மறந்தவர்கள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தக் கணக்கு அனுப்பலாம். பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. கெடுவுக்கு முன்னதாகவே தாக்கல் செய்திருந்தாலும் கெடு நாளிலிருந்தே எண்ணப்படும். 2023இல் பொருத்தி, 2024 ஏப்ரல் 15க்குள் கணக்குத் தாக்கல் செய்தவருக்கு 2027 ஏப்ரல் 15 வரை வழியிருக்கிறது. அந்த ஆண்டில் வீட்டு ஏசியை மாற்றியபோது வந்தது ஹீட் பம்ப்தான் என்பதே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு. பழைய பில்லை எடுத்து மாதிரி எண்ணைப் பாருங்கள்.

எட்டாம் படி: தாள்களைப் பாதுகாத்தல்

முகவரியும், பொருள் விலையும் கூலியும் தனித்தனியாக எழுதிய பில், பணம் செலுத்திய சான்று, ஏஹெச்ஆர்ஐ சான்று, மேனுவல் ஜே கணக்கு, நகராட்சியின் இறுதிப் பார்வைச் சான்று, தள்ளுபடி அனுமதிக் கடிதம், இரண்டு யூனிட்டுகளின் தகடுகளையும் எடுத்த புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வரிக் கணக்கோடு இவற்றை அனுப்ப வேண்டியதில்லை. கேட்டால் காட்ட வேண்டும். தாக்கல் செய்து மூன்று ஆண்டு ஆனதும் இவற்றைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். வீட்டில் செய்த மேம்பாடுகள் வீட்டின் அடக்கவிலையை, அதாவது விற்கும்போது லாபத்தைக் கணக்கிட அடிப்படையாகும் விலையைக் கூட்டும். ஆனால் பெற்ற வரிச்சலுகையின் அளவுக்கு அந்தக் கூடுதலைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்வதால், 14,000 டாலர் செலவிட்டு 2,000 டாலர் சலுகை பெற்றவர் அடக்கவிலையில் 12,000 டாலரையே சேர்க்கலாம். வீட்டை விற்கும் ஆண்டில் அந்தக் கணக்குக்கு இதே பில் மறுபடியும் தேவைப்படும்.